வீடு மூழ்கும், கடன் மூழ்காது

ஏலத்தில் வீட்டை இழந்தவரிடம் வங்கி இன்னும் எவ்வளவு கேட்கலாம்? எதுவரை கேட்கலாம்?

அடகுக் கடையில் வைத்த நகையை மீட்க முடியாமல் போனால் தமிழர்கள் சொல்வது ஒரே வார்த்தை: ‘மூழ்கிப்போச்சு.’ துக்கமான வார்த்தைதான். ஆனால் அதற்குள் ஒரு நிம்மதியும் ஒளிந்திருக்கிறது. நகையோடு கடனும் மூழ்கிவிட்டது. இனி அந்தக் கடைக்காரரைத் தெருவில் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதில்லை.

வீடு மூழ்கினால் அந்த நிம்மதி கிடையாது. இதைப் பலரும் தெரிந்துகொள்வது வீடு போன பிறகுதான்.

பெங்களூர் மர்பி டவுனைச் சேர்ந்த ஒரு குடும்பத்தை வைத்து இந்தக் கணக்கைப் பார்க்கலாம். குடும்பம் கற்பனை, கணக்கும் சட்டமும் நிஜம். அல்சூர் ஏரிக்கு அருகே, பழைய கன்டோன்மென்ட் பகுதியில், வெள்ளைக்காரப் பொறியாளர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கும் குடியிருப்பு மர்பி டவுன். குறுகலான மனைகள், ஒன்றையொன்று தோளில் தாங்கிய வீடுகள், தெருவெல்லாம் தமிழ். இரண்டு தலைமுறை அங்கே வாடகைக்கு இருந்த குடும்பத்தில் மூன்றாவது தலைமுறைக்குச் சொந்த வீட்டு ஆசை வருகிறது. மர்பி டவுனில் மனை வாங்கக் கட்டுப்படியாகாது. கே.ஆர். புரம் தாண்டி 34 லட்ச ரூபாய்க்கு ஒரு ஃபிளாட். அதில் 30 லட்சம் வங்கிக் கடன். கணவர் கடன்தாரர், மனைவி இணைக் கடன்தாரர், மனைவியின் தம்பி ஜாமீன்.

ஐந்து ஆண்டுகள் தவணை ஒழுங்காகப் போகிறது. பிறகு கணவருக்கு வேலை போகிறது. தவணை நிற்கிறது. நோட்டீஸ் வருகிறது, கதவில் ஒட்டப்படுகிறது, ஃபிளாட் ஏலம் போகிறது. குடும்பம் மர்பி டவுனுக்கே திரும்பி ஒரு சின்ன போர்ஷனில் குடியேறுகிறது. சில மாதம் கழித்து மைத்துனர் ஒரு கவரோடு வந்து நிற்கிறார்.

“மாமா, உங்க லோனுக்கு என் பேர்ல லெட்டர் வந்திருக்கு. ஆறு லட்சத்து எழுபதாயிரமாம்.”

“வீட்டத்தான் எடுத்துக்கினாங்களேப்பா, இன்னும் என்ன பாக்கி?”

இந்தக் கேள்விக்குத்தான் பதில் வேண்டும்.

ஒரு சொல், இரண்டு அர்த்தம்

வங்கிக் கவுன்டரில் ‘ஃபோர்குளோஷர்’ என்று கேட்டால் கடனை முன்கூட்டியே அடைப்பதற்கான கணக்குச் சீட்டை நீட்டுவார்கள். நம் ஊரில் அது கடன் தீர்ந்த சந்தோஷத்தின் சொல். அமெரிக்காவில் அதே சொல்லுக்கு வீடு பறிபோவது என்று அர்த்தம். அந்த இரண்டாவது காரியத்துக்கு நம் சட்டத்தில் இப்போது இருக்கும் பெயர் சர்ஃபாசி. 2002-ல் வந்த சட்டம். பழைய நாளில் ஜப்திக்கு நீதிமன்ற அமீனா தண்டோரா போட்டுக்கொண்டு வருவார். அதற்கு முன் ஒரு நீதிபதி தீர்ப்புச் சொல்லியிருப்பார். சர்ஃபாசி வந்த பிறகு வங்கி நீதிமன்றப் படியேறாமலே வீட்டை எடுத்து விற்கலாம்.

வழி இதுதான். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கடன் ‘வாராக்கடன்’ ஆகிறது. வங்கி 60 நாள் கெடு கொடுத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதற்கு ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் தர வேண்டும். கெடு முடிந்தால் வீட்டைச் சுவாதீனம் எடுக்கலாம். தேவைப்பட்டால் மாஜிஸ்திரேட்டின் உதவியையும் கேட்கலாம். பிறகு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் விலை மதிப்பிட்டு, குறைந்தபட்ச ஏல விலை நிர்ணயித்து, 30 நாள் அவகாசத்தோடு விற்பனை நோட்டீஸ் தர வேண்டும். முதல் ஏலம் தோற்றால் அடுத்த ஏலத்துக்கு 15 நாள் அவகாசம் போதும்.

ஏல விளம்பரம் இரண்டு நாளிதழ்களில் வர வேண்டும், ஒன்று அந்த வட்டார மொழியில். பெங்களூரில் வட்டார மொழி கன்னடம். மர்பி டவுனில் கன்னடம் சரளமாகப் பேசி, தமிழை மட்டுமே படிக்கத் தெரிந்த பெரியவர்களுக்கு அந்த விளம்பரம் கண்ணில் பட்டும் படாத செய்தி.

அடகுக் கடைக்கும் வங்கிக்கும் என்ன வித்தியாசம்?

சட்டப்படி பார்த்தால் அடகுக் கடைக்காரரும் மீதியைக் கேட்கலாம். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 176-ம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் நகையின் மதிப்பைவிடக் குறைவாகத்தான் அவர் பணம் கொடுத்திருப்பார். பெட்டகத்தில் இருக்கும் தங்கம் தேய்வதில்லை. கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு அபூர்வமாகவே வரும்.

வீட்டுக் கடன் அப்படி அல்ல. 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. அதோடு தவணையின் கணக்கையும் பார்க்க வேண்டும். 30 லட்சம், 9 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை 26,992 ரூபாய். முதல் மாதத் தவணையில் 22,500 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 4,492 மட்டும். ஐந்து ஆண்டுகளில் குடும்பம் கட்டியது 16 லட்சத்துக்கும் மேல். அசலில் குறைந்ததோ சுமார் 3 லட்சத்து 39 ஆயிரம். மீதம் 26 லட்சத்து 61 ஆயிரம்.

தவணை நின்ற நாளிலிருந்து ஏலம் முடிய 20 மாதம் ஆனதாக வைத்துக்கொண்டால், அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறும். 26.61 லட்சம் 30.90 லட்சம் ஆகிவிடும். விளம்பரச் செலவு, மதிப்பீட்டுக் கட்டணம், காவலாளி சம்பளம், வக்கீல் நோட்டீஸ் என்று 80 ஆயிரம். ஆக மொத்தம் 31.70 லட்சம்.

ஏலத்தில் ஃபிளாட் 25 லட்சத்துக்குப் போகிறது. 34 லட்சத்துக்கு வாங்கியதாயிற்றே என்றால், ஏல வீட்டுக்கு யாரும் சந்தை விலை தருவதில்லை. ‘உள்ளது உள்ளபடி’ விற்பனை. வீட்டில் யார் இருக்கிறார்கள், சொசைட்டி பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் வாங்குபவர் தலையில். நான்கில் ஒரு பங்குப் பணத்தை உடனே கட்ட வேண்டும், மீதியை 15 நாளில். அவகாசம் நீட்டினாலும் மூன்று மாதத்துக்கு மேல் கிடையாது. இத்தனைக்கும் துணிந்தவர்கள் சிலர்தான். முதல் ஏலத்துக்கு ஆள் வராவிட்டால் அடுத்த ஏலத்தில் ஆரம்ப விலை இறங்கும்.

31.70-ல் 25 போனால் 6.70 லட்சம். மைத்துனர் கையில் இருந்த கடிதத்தின் தொகை அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

வீடு கடனுக்கு ஈடு, கடனுக்கு விலை அல்ல. அடமானம் வைத்தவர், “இந்த வீட்டிலிருந்து எடுத்துக்கொள்” என்று மட்டும் சொல்லவில்லை. “நான் திருப்பித் தருவேன்” என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார். வீடு விற்றுப் போன பிறகும் அந்த இரண்டாவது வாக்கு நிற்கிறது. சர்ஃபாசி சட்டத்தின் 13(10) பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: விற்ற பணம் கடனுக்குப் போதாவிட்டால் மீதிக்கு வங்கி கடன் மீட்புத் தீர்ப்பாயத்தையோ உரிய நீதிமன்றத்தையோ அணுகலாம்.

அதே 13-ம் பிரிவில் இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. 13(7) உட்பிரிவின்படி ஏலப் பணத்தில் முதலில் செலவு கழியும், பிறகு கடன், மிச்சம் இருந்தால் உரியவரிடம் திருப்பித் தர வேண்டும். வீடு 35 லட்சத்துக்குப் போயிருந்தால் இதே குடும்பத்துக்கு 3.30 லட்சம் சேர வேண்டும். வீட்டை இழந்த அவமானத்தில் வங்கிப் பக்கமே தலைகாட்டாதவர்கள் இந்தப் பணத்தைக் கேட்கவும் மாட்டார்கள். பாக்கியா, மிச்சமா என்பதைத் தெரிந்துகொள்ளவாவது ஏலக் கணக்கை எழுத்து மூலமாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஏலத்தோடு பாதி அதிகாரம் போகிறது

வங்கிகள் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. ஏலம் வரை வங்கி தன் வழக்குக்குத் தானே நீதிபதி. வீடு விற்ற மறுநாள் அந்த அதிகாரம் முடிகிறது. மீதிப் பாக்கிக்கு எந்த ஈடும் இல்லை. வங்கி மற்ற எல்லா வாதிகளையும்போல வழக்குப் போட்டு, கணக்கை நிரூபிக்க வேண்டும். பாக்கி 20 லட்சத்துக்குக் குறைவு என்றால் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது, சிவில் நீதிமன்றம்தான். (2018 செப்டம்பர் வரை இந்த வரம்பு 10 லட்சமாக இருந்தது.) 6.70 லட்சத்துக்கு வந்த கடிதம் வெறும் கடிதமே. அதை வைத்து யாருடைய சம்பளத்தையும் பிடிக்க முடியாது, வேறு எந்தப் பொருளையும் தூக்கிப்போக முடியாது.

கடன்தாரர் தன் பக்கத்தைச் சொல்ல முதல் சந்தர்ப்பம் பல நேரங்களில் இங்கேதான் கிடைக்கிறது. அபராத வட்டி எப்படிப் போட்டார்கள்? தாமதத்துக்குப் போடும் அபராதத்தை அசலோடு சேர்த்து வட்டிக்கு வட்டி ஆக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டது. அது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. காவலாளிக்கும் வக்கீலுக்கும் போட்ட தொகைக்கு ரசீது உண்டா? மதிப்பீட்டு அறிக்கை என்ன விலை சொன்னது? குறைந்தபட்ச விலைக்கும் கீழே விற்றிருந்தால் கடன்தாரரின் சம்மதம் இருந்ததா? அது இல்லாமல் விற்க விதி இடம் தரவில்லை. 30 நாள் நோட்டீஸ் கிடைத்ததா? 2014-ல் மாத்யூ வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த 30 நாளை வெறும் சடங்காகக் கருதக் கூடாது என்று அழுத்திச் சொன்னது.

ஏலமே முறைகேடு என்றால் அதற்குத் தனி வழி. வங்கியின் நடவடிக்கை நடந்த 45 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் முறையிட வேண்டும். முறையிடுபவர் பாக்கியில் 75 சதவீதத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும் என்று ஆரம்பத்தில் ஒரு விதி இருந்தது. பணம் இருந்தால் அவர் ஏன் அங்கே வருகிறார்? 2004-ல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. ஆனால் தீர்ப்பாயத்தில் தோற்று மேல்முறையீட்டுக்குப் போனால் பாக்கியில் பாதியைக் கட்ட வேண்டும்; தீர்ப்பாயம் மனமிரங்கினால் கால் பங்காகக் குறைக்கலாம். பெங்களூர்க்காரர்கள் அதற்குச் சென்னைக்கு வர வேண்டும்.

வழக்குக்குக் காலக்கெடுவும் உண்டு. ஈடில்லாத பணக் கடனுக்குப் பொதுவாக மூன்று ஆண்டு. ஆனால் அந்த மூன்று ஆண்டு எந்த நாளில் தொடங்குகிறது என்பதில் வக்கீல்கள் வாதாடுவார்கள். மேலும் கெடு முடிவதற்குள் “பாக்கி உண்மைதான், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்” என்று ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டாலோ, “இருக்கட்டும்” என்று ஐநூறு ரூபாய் கட்டி அதை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ கெடு அன்றிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கிவிடும். வசூலுக்கு வருபவர் பவ்யமாக நீட்டும் காகிதத்தில் பெரும்பாலும் இருப்பது இந்த வாசகம்தான். இன்னொன்று, பாக்கிக்காகத் தேதியிட்ட காசோலை எழுதிக் கொடுப்பது. கடன் பாக்கி சிவில் விவகாரம். காசோலை பணமில்லாமல் திரும்பினால் கிரிமினல் வழக்கு, இரண்டு ஆண்டு வரை சிறை.

எதைப் பிடிக்கலாம், எதைத் தொடக் கூடாது?

வழக்கில் வங்கி ஜெயித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தீர்ப்புக்குப் பிறகு கடன் ஒப்பந்தத்தின் வட்டி ஓடாது. வீட்டுக் கடன் போல வியாபாரம் சாராத கடனுக்கு ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கு மேல் நீதிமன்றம் வட்டி தர முடியாது. பிறகு வசூல்.

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ம் பிரிவு ஒரு கோடு கிழித்திருக்கிறது. உடுத்தும் துணி, படுக்கை, சமையல் பாத்திரம் ஆகியவற்றைத் தொடக் கூடாது. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத அணிகலனைத் தொடக் கூடாது; நம் ஊரில் அது தாலி. கைத்தொழில் செய்பவரின் கருவிகளைத் தொடக் கூடாது. ஓய்வூதியம், கிராஜுவிட்டி, வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றையும் தொடக் கூடாது. வங்கி ஊழியர் வந்து “அப்பாவோட பென்ஷன்ல பிடிப்போம்” என்று சொன்னால் அது மிரட்டல், சட்டம் இல்லை.

சம்பளத்தைப் பிடிக்கலாம், ஆனால் முழுவதையும் அல்ல. முதல் 1,000 ரூபாய்க்கும், மீதியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் பாதுகாப்பு உண்டு. மைத்துனருக்கு 25,000 ரூபாய் சம்பளம் என்றால் 8,000 வரை பிடிக்கலாம். அதுவும் ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதம்தான். அதற்கு மேல் அந்தத் தீர்ப்பின் பேரில் அந்தச் சம்பளத்தைத் தொட முடியாது. ஆகக் கூட்டினால் 1,92,000 ரூபாய். வேறு சொத்து, வங்கிச் சேமிப்பு, இன்னொரு மனை இருந்தால் அவற்றை ஜப்தி செய்யலாம்.

ஜெயில்? கடனைக் கட்ட முடியாத ஏழ்மைக்காக யாரையும் சிறையில் அடைக்கக் கூடாது என்று 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். பணம் இருந்தும் ஒளித்துவைத்து ஏமாற்றுபவருக்குத்தான் சிவில் சிறை. அந்த வழக்கில் எதிர்ப்பக்கம் இருந்ததும் ஒரு வங்கி.

ஜாமீன் போட்டவர், வாரிசு, லீஸ்காரர்

மைத்துனரின் கோபம் நியாயம். ஆனால் சட்டம் அவர் பக்கம் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 128-ம் பிரிவுப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன்தாரரின் பொறுப்பும் சமம். “முதலில் அவரிடம் கேள், கிடைக்காவிட்டால் என்னிடம் வா” என்று அவர் சொல்ல முடியாது. 1968-ல் பீகார் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. சர்ஃபாசி சட்டமும் வீட்டை விற்பதற்கு முன்பே ஜாமீன்தாரரைத் தொட இடம் தருகிறது. அவர் கட்டினால் அந்தப் பணத்தை மாமாவிடம் திருப்பிக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. குடும்பத்துக்குள் அந்த உரிமைக்கு என்ன மதிப்பு என்பது வேறு விஷயம். மனைவி இணைக் கடன்தாரர் என்பதால் அவரும் முழுப் பாக்கிக்கும் பொறுப்பு, பாதிக்கு அல்ல.

கடன்தாரர் இறந்துபோனால் கடன் பிள்ளைகளின் தலையில் ஏறாது. இறந்தவர் விட்டுப்போன சொத்து எவ்வளவோ அந்த அளவுக்கு மட்டுமே வாரிசுகள் பொறுப்பு. தகப்பன் எதையும் விட்டுச் செல்லவில்லை என்றால் மகன் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. மகனும் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு.

பெங்களூருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அங்கே வீட்டை ‘லீஸு’க்கு விடுவது சர்வசாதாரணம். தமிழ்நாட்டில் ஒத்தி, போக்கியம் என்று சொல்வார்கள். ஐந்து லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாக வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் குடியமர்த்துவார்கள். மாடியை லீஸுக்கு விட்ட வீட்டுக்காரர் வங்கித் தவணை கட்டாமல் விட்டால் வங்கி மாடியையும் சேர்த்துத்தான் எடுக்கும். அடமானத்துக்குப் பிறகு வந்த, பதிவு செய்யாத லீஸ் பத்திரத்துக்கு வங்கி முன்னால் பலம் இல்லை என்பதே 2014-லும் 2019-லும் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம். லீஸ்காரர் காலி செய்ய வேண்டியதுதான். அவர் கொடுத்த பணத்தை வங்கி தராது. வீட்டுக்காரர்தான் தர வேண்டும். வீட்டை இழந்தவர் வங்கிக்கு ஒரு பாக்கி, குடியிருந்தவருக்கு இன்னொரு பாக்கி என்று இரண்டு கடனோடு நிற்பார்.

வருமான வரித் துறையும் வாசலில் நிற்கலாம். ஏலமும் ஒரு விற்பனைதான். தாத்தா சில ஆயிரத்துக்கு வாங்கிய மர்பி டவுன் வீட்டை வியாபாரக் கடனுக்கு அடமானம் வைத்து அது ஏலத்தில் போனால், மூலதன ஆதாயம் கடன்தாரருடைய கணக்கில் வரும். பணம் முழுவதும் வங்கிக்குப் போய்விட்டது, கையில் ஒரு காசு வரவில்லை என்ற வாதம் எடுபடாது. 2001-ல் அட்டிலி என். ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் முடிவு செய்தது.

சாவியைக் கொடுத்தால் போதுமா?

“வீட்டை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்தால் கணக்கு தீர்ந்தது என்பது பரவலான நம்பிக்கை. உலகத்தில் சில இடங்களில் அது உண்மையும்கூட. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் நீதிமன்றம் போகாமல் வீட்டை விற்கும் வங்கி மீதிப் பாக்கியைக் கேட்க முடியாது, ஃபுளோரிடாவில் கேட்கலாம். 2008 நெருக்கடியின்போது ஒரே தேசத்தில் ஒரு கரையில் வீட்டோடு கடன் முடிந்தது, மறுகரையில் துரத்தியது. ஸ்பெயினில் வீடு போன பிறகும் கடன் தொடர்ந்ததால் ஆயிரக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். சாவியோடு கடன் முடிய வேண்டும் என்பதே அவர்கள் கோஷம். இந்தியாவில் சாவி கொடுப்பது சுவாதீனம் கொடுப்பது மட்டுமே. “முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டோம்” என்று வங்கி எழுதிக் கொடுக்காத வரை பாக்கி பாக்கிதான்.

வீடு கையில் இருக்கும்போதே செய்யக்கூடியது அதிகம். வங்கியின் சம்மதத்தோடு தானே ஆள் பிடித்து விற்பவருக்கு ஏலத்தைவிட நல்ல விலை கிடைக்க வாய்ப்பு உண்டு. அதற்கும் கெடு இருக்கிறது. முழுப் பாக்கியைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு முடிகிறது. 2016-ல் திருத்தப்பட்ட சட்டமும், 2023 செப்டம்பரில் செலிர் - பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கின் தீர்ப்பும் இதில் தெளிவு. கடைசி நாள் வரை பார்க்கலாம் என்று காத்திருப்பவர் கடைசி நாளே கடந்துபோனதைப் பிறகுதான் அறிவார். கடனில் பெரும்பகுதி கட்டியவருக்கு ஒரு கேடயம் உண்டு: அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் நிலுவை 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் சர்ஃபாசியை வங்கி பயன்படுத்த முடியாது.

ஏலத்துக்குப் பிறகு வழி பேரம்தான். ஈடில்லாத பாக்கிக்கு வழக்கு நடத்துவது வங்கிக்கும் செலவு. அதனால் ஒரு தொகைக்கு ஒரே தடவையில் முடித்துக்கொள்ள வங்கிகள் முன்வருவதுண்டு. ஆனால் அதை உரிமையாகக் கேட்க முடியாது என்று 2021-ல் பிஜ்னோர் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லோக் அதாலத்தில் முடித்துக்கொள்வது நல்லது. அங்கே எழுதப்படும் தீர்வுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு, மறுபடி கிளற முடியாது. பணம் கட்டிய பிறகு ‘பாக்கி இல்லை’ என்ற கடிதத்தை வாங்காமல் திரும்பக் கூடாது. அதில் ஜாமீன்தாரரின் பெயரும் இருக்க வேண்டும். சிபில் அறிக்கையில் இது ‘செட்டில்டு’ என்று பதிவாகும், ‘குளோஸ்டு’ என்று அல்ல. அடுத்த கடன் கேட்கும்போது அந்த ஒரு சொல் இடிக்கும்.

வங்கி தன் பாக்கியை சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு விற்றிருக்கவும் கூடும். கேள்விப்படாத பெயரில் கடிதம் வந்தால் கிழித்துப் போடவும் வேண்டாம், பணம் கட்டவும் வேண்டாம். கடன் கைமாறிய பத்திரத்தின் நகலையும் கணக்கையும் கேட்க வேண்டும். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் விதித்தது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்பதும் முடிவல்ல. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர 1987-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இணைக் கடன்தாரரான அந்த மனைவி இதைக் கேட்கத் தகுதியுள்ளவர்.

எல்லாம் அடைபட்ட பிறகு ஒரு கதவு மிச்சம்: மஞ்சள் கடிதாசி. திவால் மனு கொடுப்பதற்குத் தமிழர்கள் வைத்த பெயர். கம்பெனிகளுக்கு 2016-ல் புதிய திவால் சட்டம் வந்துவிட்டது. சாதாரண மனிதனுக்கோ, பெங்களூரில் இன்னும் 1920-ம் ஆண்டின் மாகாண திவால் சட்டம்தான். ஐநூறு ரூபாய்க்கு மேல் கடன் இருந்தாலே மனுப் போடலாம் என்று அது சொல்கிறது. ஐநூறு ரூபாய் பெரிய கடனாக இருந்த காலத்துச் சட்டம். 30 லட்சக் கடனைப் பத்து நிமிடத்தில் ஒப்புதல் தரும் காலத்தில், கடனில் மூழ்கியவன் கரையேற அந்தப் பழைய தோணிதான் இருக்கிறது.

மர்பி டவுன் மைத்துனரின் கவருக்குத் திரும்பலாம். அதில் இருந்தது தீர்ப்பு அல்ல, ஒரு கோரிக்கை. அன்று இரவு அந்த வீட்டில் மாமாவும் மைத்துனரும் பேசாமல் இருந்துவிடலாம். பல குடும்பங்களில் அதுதான் நடக்கிறது. அதற்குப் பதிலாக இருவரும் சேர்ந்து வங்கிக்கு ஒரு கடிதம் எழுதலாம். அதில் பாக்கியை ஒப்புக்கொள்ளும் வாசகம் வேண்டாம். ஏலக் கணக்கு, மதிப்பீட்டு அறிக்கை, செலவு ரசீதுகள், அபராதம் போட்ட விவரம் இவை நான்கும் தேவை என்று கேட்டால் போதும். ஆறு லட்சத்து எழுபதாயிரம் என்ற தொகை எப்படி வந்தது என்று வங்கி முதலில் விளக்கட்டும். எவ்வளவு தர வேண்டும் என்ற பேச்சை அதற்குப் பிறகு ஆரம்பிக்கலாம்.